ஊசியனின் முள்ளும் கதம்பனின் பொருமலும்

கரியாற்றுக்கு இந்தப் பக்கம் மேலக்காடு. அந்தப் பக்கம் கீழக்காடு. நடுவே ஒரே ஒரு துறை. கோடையில் அங்கே தண்ணீர் முழங்கால் அளவுதான் ஓடும். காலையில் இந்தக் கரையில் மேய்ந்த மான், மாலையில் அந்தக் கரையில் படுத்து அசைபோடும். யாரும் யாரையும் ‘எங்கே போகிறாய்?’ என்று கேட்டதில்லை.

ஒரு வைகாசி மாதம் இரண்டு காட்டிலும் செருமல் நோய் வந்தது. முதலில் ஒரு காட்டுப்பன்றி இருமியது. மறுநாள் அதன் பக்கத்தில் படுத்த ஏழு பன்றிகள் இருமின. பத்தாம் நாள் காடு முழுவதும் ஒரே இருமல் சத்தம். சிலர் எழுந்திருக்கவே இல்லை.

இரண்டு காட்டுப் பெரியவர்களும் கரைக்கு ஒருவராக நின்று கத்திக் கத்திப் பேசி முடிவெடுத்தார்கள். துறை மூடப்பட்டது. காவலுக்குக் கரியம்மா என்ற கரடி வந்தாள். பத்தடி ஆழத்தில் இருக்கும் கரையானையும் முகர்ந்தே கண்டுபிடிக்கும் மூக்கு அவளுக்கு.

கரியம்மா துறையில் நின்று சட்டத்தைச் சொன்னாள்.

“எல்லாரும் கேளுங்க! இன்னையிலிருந்து யாரும் ஆத்தைத் தாண்டக் கூடாது. ஒருத்தருக்கொருத்தர் மூணு வால் தூரம் தள்ளி நில்லுங்க! ஏய் குரங்கு, உன் வாலால அளக்கச் சொன்னேன், முயலோட வாலால இல்ல!”

“அம்மா, சொந்தக்காரங்க அக்கரையில இருந்தா?” என்று ஒரு குரல் கேட்டது.

“அதுக்கு மட்டும் விலக்கு உண்டு. புருஷன், பொண்டாட்டி, தாய், தகப்பன், பிள்ளை, கூடப் பிறந்தவங்க. அவ்வளவுதான்! வாராவாரம் திங்கக்கிழமை நான் இங்க உக்காருவேன். வந்து உங்க வாயால அவங்க பேரைச் சொல்லணும். அக்கரையிலிருந்து அவங்க உடம்புல உள்ள ஒரு முடியோ, முள்ளோ, இறகோ அடையாளமா வரும். நான் மோந்து பாப்பேன். ஒரே வயித்துல பிறந்த வாசனையும், ஒரே வளையில படுத்த வாசனையும் என் மூக்குக்குத் தெரியும். சரியா இருந்தா ஆத்துக்கு நடுவுல இருக்கிற பாறைத்திட்டுக்குப் போகலாம். அங்க பதினாலு நாள் தனியா இருக்கணும். இருமல் இல்லைன்னா, வெள்ளத்துலயும் முழுகாத பாறை வரிசை மேலேயே அக்கரைக்கு நடந்து போகலாம்.”

“பேரை நாங்க சொல்லலைன்னா?”

“நானா எதையும் எடுத்துக் காட்ட மாட்டேன். காட்டினா, அடுத்த நிமிஷம் எவனும் எவளையும் சொந்தம்னுவான். அது சட்டம்! இன்னொண்ணும் சொல்லிடறேன். ஆனி பிறந்து புது வெள்ளம் வந்துட்டா, இங்கேயிருந்து திட்டுக்கே போக முடியாது. அப்புறம் நாலு மாசம் யாருக்கும் வழியில்ல.”

அடையாளங்களை அக்கரையிலிருந்து கொண்டுவரும் வேலை துடுப்பன் என்ற நீர்நாய்க்கு. தண்ணீரிலேயே கிடப்பவனுக்கு இருமல் ஒட்டாது என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். கொண்டுவந்ததைத் துறைக்கு மேலே நிற்கும் மருத மரத்தின் பொந்தில் வைக்க வேண்டும். யாருக்கு என்ன வந்தது என்று கரியம்மாவைத் தவிர வேறு யாரிடமும் துடுப்பன் வாயைத் திறக்கக் கூடாது. அந்தப் பொந்தில் யாரும் கை வைக்கவும் கூடாது.

மேலக்காட்டில் ஒரு பாறைக்கு அடியில் ஊசியன் என்ற முள்ளம்பன்றி வளை தோண்டிக் குடியிருந்தான். அந்தப் பாறைக்கு மேலே நின்ற இலுப்பை மரத்தில் கதம்பன் என்ற புனுகுப்பூனை குடியிருந்தான். இருவரும் சிநேகிதர்கள். அதாவது, ஊசியன் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

கதம்பனுக்கு ஒரு குணம் உண்டு. அடுத்தவரிடம் எது இருந்தாலும் அது அவன் கண்ணில் தூசு விழுந்த மாதிரி உறுத்தும். பக்கத்து மரத்து அணிலுக்கு ஒரு கொட்டை கூடுதலாகக் கிடைத்தால் கதம்பனுக்கு அன்று சாப்பாடு இறங்காது. புனுகுப்பூனைகளுக்கு இயல்பாகவே ஒரு பழக்கமும் உண்டு. பிடித்த பொருள் எதைக் கண்டாலும் அதன்மேல் வாலடியை உரசித் தங்கள் வாசனையைத் தடவிவிடும். மற்றப் பூனைகள் தங்கள் மரத்திலும் தங்கள் கிளையிலும் தடவும். கதம்பன் அடுத்தவர் கிளையிலும் தடவுவான். அது அவனுக்கே தெரியாமல் நடந்துவிடும்.

முதல் திங்கட்கிழமை ஊசியன் கரியம்மா முன்னால் போய் நின்றான். அவன் மனைவி முள்ளரசி தலைப் பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். தாய்வீடு அக்கரையில். அவள் போன நான்காம் நாள் துறை மூடிவிட்டது.

“அம்மா, என் பொண்டாட்டி அங்க இருக்கா. பேரு முள்ளரசி. மாசமா இருக்கா. நான் போகணும்!”

“பேரைச் சொல்லிட்டே. அடையாளம் வரட்டும். அடுத்த வாரம் வா” என்றாள் கரியம்மா.

கூடியிருந்த விலங்குகள் எல்லாம் ஊசியனை வாழ்த்தின. “போய்ப் பிள்ளையைப் பாருப்பா!” என்றது மான். “ரெட்டைப் பிள்ளையா இருக்கட்டும்!” என்றது உடும்பு. மூன்று வால் தூரத்தில் நின்ற கதம்பனுக்கு வயிறு எரிந்தது.

இவனுக்குப் பெண்டாட்டி இருக்கிறாள். பிள்ளையும் வரப் போகிறது. இப்போது ஊரே வாழ்த்துகிறது. அது போதாதென்று அக்கரைக்கு வேறு போகப் போகிறான்! அக்கரையில் இப்போது ஈச்சம்பழம் பழுக்கும் காலம். கதம்பனுக்கு ஈச்சம்பழம் என்றால் உயிர். நினைத்தாலே அவன் நாக்கில் தண்ணீர் ஊறும்.

“அம்மா!” என்று முன்னால் வந்தான் கதம்பன். “இவனுக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு? எல்லாரும் அடைஞ்சு கிடக்கும்போது இவன் மட்டும் போகலாமா? இது என்ன நியாயம்?”

“உனக்கு அக்கரையில யாராவது உண்டா?” என்று கேட்டாள் கரியம்மா.

உண்டு. கதம்பனுக்கு வஞ்சி என்று ஒரு தங்கை இருந்தாள். இருவரும் கீழக்காட்டில் பிறந்தவர்கள். அவர்களுடைய தாய் கண்மூடும்போது, தான் குடியிருந்த ஈச்சமரத்தை வஞ்சிக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். கதம்பனுக்கு மேலக்காட்டில் இருந்த, அதைவிடப் பெரிய இலுப்பை மரத்தைக் கொடுத்தாள். ஆனால் கதம்பன் தன் இலுப்பையைப் பார்க்கவில்லை. தங்கையின் ஈச்சமரத்தையே பார்த்தான். “அம்மாவுக்கு நீதான் செல்லம்!” என்று கத்திவிட்டு ஆற்றைத் தாண்டி வந்தவன், மூன்று வருடமாக அவளோடு பேசவில்லை.

“எனக்கு அங்க யாரும் இல்ல!” என்றான் கதம்பன்.

“நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“யோசிக்க என்ன இருக்கு? யாரும் இல்லைன்னா யாரும் இல்லதான்!”

கரியம்மா அடுத்தவரைக் கூப்பிட்டாள். அடுத்து வந்த முயல், தன் சித்தப்பாவின் மச்சினியுடைய பெரியம்மா அக்கரையில் இருப்பதாகச் சொல்ல ஆரம்பித்தது. கரியம்மா அதை நடுவிலேயே நிறுத்தி அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை துடுப்பன் ஆற்றிலிருந்து ஏறி வந்து எதையோ மருத மரப் பொந்தில் வைத்துவிட்டுப் போனான். கதம்பன் ஒரு புதர் மறைவிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை உச்சி வெயில். கரியம்மா கரையான் புற்றைத் தேடிப் போயிருந்தாள். துறையில் யாரும் இல்லை.

‘ஒரு தடவை பார்த்தால் என்ன? பார்ப்பதற்குத்தானே போகிறேன்’ என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கதம்பன் மருத மரத்தில் ஏறினான். பொந்துக்குள் தலையை விட்டான்.

அங்கே ஒரு முள் இருந்தது. கறுப்பும் வெள்ளையுமாக, நீளமாக, பளபளவென்று இருந்தது.

“இதுதான் அந்த முள்ளா?” என்று கதம்பன் முணுமுணுத்தான். “இதை வச்சிருந்தா போதும், ஒருத்தன் அக்கரைக்குப் போயிடலாம். எனக்கு இப்படி ஒரு முள் அனுப்ப யார் இருக்கா? ஒருத்தரும் இல்ல!”

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. கோபமும் வந்தது. முள்ளை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. பொந்துக்குள் ஏறி அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அவனுடைய வாலடி தானாக அந்த முள்ளின்மேல் உரசியது. ஒரு முறை, இரண்டு முறை, பத்து முறை. பொந்து முழுவதும் புனுகு வாசனை கும்மென்று நிறைந்தது.

உரசும்போது அவன் பின்காலில் மெத்தென்று எதுவோ இடறியது. திரும்பிப் பார்த்தான். ஒரு கொத்துச் சாம்பல் நிற முடி.

“இது யாரோட குப்பை? உக்காரக்கூட இடமில்லாம!” என்று சொல்லி அதைக் காலால் ஒரு தள்ளு தள்ளினான். முடிக்கொத்து பொந்திலிருந்து வெளியே விழுந்தது. காற்றில் இரண்டு சுற்றுச் சுற்றி ஆற்றில் இறங்கியது. தண்ணீர் அதைக் கொண்டுபோய்விட்டது. கதம்பன் அது போன திசையைக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டாம் திங்கட்கிழமை வந்தது. ஊசியன் விடியும் முன்பே குளித்துவிட்டு, முட்களை எல்லாம் படிய வாரிக்கொண்டு துறைக்கு வந்துவிட்டான். துடுப்பன் பொந்திலிருந்து முள்ளை எடுத்துக் கொடுத்தான். கரியம்மா முகர்ந்தாள். உடனே தலையைப் பின்னுக்கு இழுத்துப் படபடவென்று தும்மினாள்.

“ஊசியா! இது உன் பொண்டாட்டி முள்ளுதானா?”

“ஆமாம்மா! அந்த வெள்ளை வளையத்தைப் பாருங்க. அவளோட முள்ளுதான்!”

“முள்ளு அவளோடதா இருக்கலாம். ஆனா வாசனை புனுகுப்பூனையோடது! முழுக்க முழுக்கப் புனுகுதான் அடிக்குது. அடியில வேற எந்த வாசனையும் தெரியல. இதை ஏத்துக்க முடியாது.”

கரியம்மா மருத மரத்தைப் பார்த்தாள். கதம்பனைப் பார்த்தாள். பொந்தில் வேறு என்ன வந்திருந்தது என்று அவளுக்குத் தெரியும். அதன் பக்கத்தில் கிடந்ததால் வாசனை ஒட்டியிருக்குமோ என்றுகூட நினைத்தாள். ஆனால் கேட்காதவனிடம் அதைச் சொல்லச் சட்டம் விடவில்லை.

“கதம்பா, இன்னொரு தடவை கேக்கறேன். அக்கரையில உனக்கு யாராவது உண்டா? பேரு சொல்லு.”

“எத்தனை தடவை கேப்பீங்க? இல்லவே இல்ல!” என்றான் கதம்பன்.

அந்த நேரத்தில் அவன் இன்னொன்றையும் சொல்லியிருக்கலாம். ‘அம்மா, அந்த வாசனை என்னுடையதுதான். நான்தான் பொந்தில் ஏறினேன்’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஊசியனின் தொங்கிப்போன முகத்தைப் பார்க்க அவனுக்கு உள்ளுக்குள் இதமாக இருந்தது.

“துடுப்பா, போய்ப் புது முள் கொண்டு வா” என்றாள் கரியம்மா. “ஊசியா, அடுத்த திங்கக்கிழமை கடைசி. மேற்கு மலையைப் பாத்தியா? கறுத்துக்கிட்டு நிக்குது. அதுக்கப்புறம் ஆறு யாரையும் விடாது.”

ஊசியன் வளைக்குத் திரும்பி வந்து மூலையில் உட்கார்ந்தான். ஆறு, வெள்ளம், கடைசித் திங்கட்கிழமை எதுவும் அவன் மண்டையில் ஏறவில்லை. ஒரே ஒரு கேள்விதான் குடைந்தது. என் மனைவியின் முள்ளில் புனுகுப்பூனை வாசனை எப்படி வந்தது?

கதம்பன் கிளையில் படுத்தபடி கீழே எட்டிப் பார்த்தான்.

“என்னடா ஊசியா, சாப்பிடலையா?”

“கதம்பா, உண்மையைச் சொல்லு. கீழக்காட்டுல புனுகுப்பூனைங்க நிறைய உண்டா?”

“நிறையவா! அந்தக் காடே எங்காளுங்க காடுதானே. ஒவ்வொருத்தனும் பளபளன்னு இருப்பான். நல்லாப் பாடுவான். முள்ளு கிள்ளு எதுவும் இருக்காது. பக்கத்துல உக்காந்தா குத்தாது, பாரு!”

“முள்ளரசி அப்படிப்பட்டவ இல்லடா!”

“நான் எங்கே அப்படிச் சொன்னேன்? நீயே கேட்டே, நீயே பதில் சொல்றே.”

அன்றிலிருந்து ஊசியனும் பொறாமையில் வேக ஆரம்பித்தான். கிழங்கைக் கடித்தால் கசந்தது. அக்கரையிலிருந்து காற்று வீசினால் மூக்கைத் தூக்கிப் புனுகு வாசனையைத் தேடினான். மூன்றாம் நாள் எழுந்து நின்று, “நான் போகவே மாட்டேன்! யாரும் எனக்காக முள் கொண்டுவர வேண்டாம்!” என்று கத்தினான்.

“சபாஷ்! ரோஷம்னா இதுதான்!” என்றான் கதம்பன். அன்றுதான் அவன் பல நாட்களுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டான். தான் போகாவிட்டாலும் பரவாயில்லை, இவனும் போகவில்லை அல்லவா!

மூன்றாம் திங்கட்கிழமை வானம் மூடியிருந்தது. மேற்கு மலையில் மழை கொட்டுவது கண்ணுக்குத் தெரிந்தது. ஊசியன் துறைக்கு வரவில்லை. கரியம்மா மானை அனுப்பி அவனை அழைத்துவரச் சொன்னாள். கதம்பனும் வேடிக்கை பார்க்கக் கூடவே வந்தான்.

துடுப்பன் இந்த முறை பொந்துப் பக்கமே போகவில்லை. வாயில் கவ்வி வந்த முள்ளை நேராகக் கரியம்மாவின் கையில் வைத்தான். அவள் முகர்ந்தாள். முகம் மலர்ந்தது.

“மண்ணு, மரவள்ளிக் கிழங்கு, உன் வளை வாசனை. சந்தேகமே இல்ல, இது உன் பொண்டாட்டிதான்! இதுல கொஞ்சம் பால் வாசனையும் இருக்கு.”

“பால் வாசனையா?” ஊசியன் நிமிர்ந்தான்.

“புதன்கிழமை பிரசவம் ஆச்சு. ரெண்டு பிள்ளை” என்றான் துடுப்பன். “புனுகு வாசனை விஷயத்தை நான் சொன்னதும் முள்ளரசி ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினா. ‘முதல் முள்ளை என் வாயாலேயே பிடுங்கிக் கொடுத்தேன். வாசனை எங்க ஒட்டுச்சோ அங்கேயே தேடச் சொல்லுங்க. அவருக்குக் கோபம் தீர்ந்துதுன்னா பிள்ளைங்களைப் பாக்க வரச் சொல்லுங்க’ன்னா.”

ஊசியனின் முட்கள் எல்லாம் வெட்கத்தில் படிந்தன. பிள்ளைகள் பிறந்த அந்தப் புதன்கிழமைதான் அவன் “போகவே மாட்டேன்!” என்று கத்தினான்.

கரியம்மா எழுந்து மருத மரத்தடிக்குப் போனாள். அடிமரத்தை முகர்ந்தாள். கிளையை முகர்ந்தாள். பொந்தின் விளிம்பை முகர்ந்தாள். பிறகு திரும்பினாள்.

“கதம்பா! நீ மேல ஏறினியா?”

கதம்பன் நான்கு பக்கமும் பார்த்தான். எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பாக்கத்தாம்மா ஏறினேன். ஆசையா இருந்துச்சு. வால் தானா உரசிடுச்சு.”

“டேய்!” என்று கத்தினான் ஊசியன். “எல்லாம் தெரிஞ்சிருந்துமா என் தலைக்கு மேல படுத்துக்கிட்டு அப்படிப் பேசினே? ஏன்டா?”

“உனக்கு எல்லாம் இருக்கு!” கதம்பன் வெடித்தான். “பொண்டாட்டி இருக்கா, பிள்ளை இருக்கு, முள் அனுப்ப ஆள் இருக்கு! எனக்குன்னு ஒரு முடி அனுப்ப யாருடா இருக்கா?”

கரியம்மாவும் துடுப்பனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“கடைசியா கேக்கறேன் கதம்பா” என்றாள் கரியம்மா. அவள் குரல் இறங்கியிருந்தது. “அக்கரையில உன் கூடப் பிறந்தவங்க யாரும் இல்லையா?”

கதம்பன் அக்கரையைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். “ஒரு தங்கை இருக்கா. பேரு வஞ்சி. அவ என்னை எங்க நினைக்கப் போறா?”

அந்தப் பெயரைக் கேட்பதற்காகவே காத்திருந்ததுபோல் கரியம்மா பாய்ந்து பொந்துக்குள் கையை விட்டாள். துழாவினாள். கை வெறுமையாக வெளியே வந்தது.

“இங்க ஒரு கொத்து முடி இருந்துச்சே! சாம்பல் நிறத்துல. எங்க அது?”

கதம்பன் ஓரடி பின்வாங்கினான். “சாம்பல் நிறத்துலயா? அது... குப்பைன்னு நினைச்சேன். கால்ல இடறிச்சு. தள்ளிவிட்டுட்டேன். ஆத்துல போயிடுச்சு.”

“குப்பையா?” துடுப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. இனிமேல் அவன் வாயைத் திறக்கத் தடை இல்லை. “உன் தங்கை தன் வாலைத் தானே கடிச்சு எடுத்துக் கொடுத்த முடிடா அது! நான் முதல் தடவை முள்ளரசியைத் தேடிப் போனப்பவே ஓடி வந்து கொடுத்தா. அவளுக்கும் செருமல் வந்து பிழைச்சு எழுந்திருக்கா. ‘எங்கண்ணன் ஒரு நாள் என் பேரைச் சொல்லும், அப்ப இதைக் கொடுங்க. இந்த வருஷம் ஒரு ஈச்சங்குலையை அண்ணனுக்காகத் தொடாம வச்சிருக்கேன்’னு சொன்னா.”

கதம்பன் கரியம்மாவின் காலடியில் விழுந்தான்.

“அம்மா! இப்பத்தான் பேரைச் சொல்லிட்டேனே! வஞ்சி! வஞ்சி! என்னை விடுங்கம்மா!”

“அடையாளம் இல்லாம விட எனக்கு அதிகாரம் இல்ல. துடுப்பன் போய் வர நாலு நாள் ஆகும்.” கரியம்மா ஆற்றைக் காட்டினாள். “அங்க பாரு.”

தண்ணீர் செம்மண் நிறத்தில் கலங்கியிருந்தது. சருகும் நுரையுமாகப் புது வெள்ளத்தின் தலை வந்துவிட்டது. முழங்கால் அளவு ஓடிய தண்ணீர் ஊசியனின் வயிற்றைத் தொடும் அளவுக்கு ஏறியிருந்தது.

“ஊசியா, ஓடு! இப்ப விட்டா உனக்கும் இல்ல!” என்று விரட்டினாள் கரியம்மா.

ஊசியன் தண்ணீரில் இறங்கினான். நான்கு அடி போனதும் நின்று திரும்பினான். அவனுக்குக் கோபம் தீரவில்லை. ஆனாலும் கரையில் சுருண்டு கிடந்தவனைப் பார்க்க மனது கேட்கவில்லை.

“கதம்பா! உன் தங்கைகிட்ட என்னடா சொல்லட்டும்?”

கதம்பன் தண்ணீர் விளிம்புவரை தவழ்ந்து வந்தான். மூன்று வருடத்துப் பேச்சில் எதைச் சொல்வது?

“நான் அவ பேரைச் சொன்னேன்னு மட்டும் சொல்லுடா” என்றான் கடைசியில்.

ஊசியன் தத்தளித்துத் திட்டில் ஏறினான். சற்று நேரத்தில் வெள்ளம் இரு கரையும் தொட்டு ஓடியது. பதினான்கு நாள் கழித்து அவன் திட்டிலிருந்து பாறை வரிசை மேலேயே அக்கரைக்கு நடந்து போனதையும், கரையில் காத்திருந்த இரண்டு குட்டி முள்ளம்பன்றிகள் அவன் காலடியில் உருண்டதையும் கதம்பன் இலுப்பைக் கிளையில் இருந்தபடியே பார்த்தான். பக்கத்தில், கரைக்கு வந்திருந்த வஞ்சி ஒரு மரத்தின்மேல் நின்று, இந்தக் கரையில் அவனைத் தேடிக்கொண்டிருந்தாள். அவள் தன் ஈச்சமரத்தில் அவனுக்காக வைத்திருந்த குலை பழுத்து, பழம் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. நடுவில் நான்கு மாதத்துத் தண்ணீர் ஓடியது.

அடுத்தவருக்கு வந்ததையே பார்த்துப் பொருமிக்கொண்டிருப்பவர், தனக்கு வந்ததைத் தன் காலாலேயே தள்ளிவிடுவார்.